தொப்பைக்குள் என்ன நடக்கிறது? கொழுப்புத் திசுவைப் பற்றி ஓர் அறிமுகம்

உடம்பில் கொழுப்பே சேராமல் பிறக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். மிக அபூர்வமான மரபுக் கோளாறு அது. பிரேசில் மருத்துவர் பெரார்டினெல்லி 1954-லும் நார்வே மருத்துவர் சைப் 1959-லும் அதை விவரித்து எழுதினார்கள். இன்றும் அந்த நோய்க்கு அவர்கள் இருவரின் பெயர்தான். தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் இந்தக் குழந்தைகளின் தசைகளும் ரத்தக் குழாய்களும் புடைத்துத் தெரியும். ஒல்லியாக இருப்பதுதான் ஆரோக்கியம் என்றால் இவர்களை நோய் அண்டவே கூடாது. ஆனால் நடப்பதோ வேறு. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. கல்லீரலில் கொழுப்பு படிந்து அது வீங்கும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறும். பலருக்குப் பதின்வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும்.

ஃபேட்டி லிவர், ட்ரைகிளிசரைடு, சுகர். உடல்பருமன் உள்ளவர்களிடம் டாக்டர்கள் எச்சரிப்பதும் இதே மூன்றைத்தான். கொழுப்பு மிஞ்சினாலும் இந்த நோய்கள், கொழுப்பே இல்லாவிட்டாலும் இதே நோய்கள். இது எப்படி என்று புரிந்துகொண்டால் உடல்பருமனைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டிவரும். அதற்கு முதலில் கொழுப்புத் திசு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

ஒரு செல், ஒரு சொட்டு எண்ணெய்

கொழுப்பு என்றதும் கறிக்கடையில் பார்க்கிற வெள்ளைக் கட்டிதான் பலருக்கு ஞாபகம் வரும். மனிதக் கொழுப்பு அவ்வளவு வெள்ளை இல்லை. காய்கறிகளிலிருந்து வரும் கரோட்டின் அதில் கரைந்திருப்பதால் இளமஞ்சளாக இருக்கும். அது சும்மா உறைந்து கிடக்கும் எண்ணெயும் இல்லை. உயிருள்ள கொழுப்பு செல்கள், அவற்றைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள், நரம்பு இழைகள், நோய் எதிர்ப்பு செல்கள், எல்லாவற்றையும் கட்டிப்பிடித்திருக்கும் நார்கள் என்று அதற்குள் பெரிய குடித்தனமே நடக்கிறது. கல்லீரல், சிறுநீரகம் மாதிரி அதுவும் ஓர் உறுப்பு என்று சொல்வதுதான் சரி.

மைக்ராஸ்கோப்பில் ஒரு கொழுப்பு செல்லைப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஒரு எண்ணெய்ச் சொட்டுதான் தெரியும். உட்கருவும் மற்ற உறுப்புகளும் ஓரத்தில் ஒட்டி நசுங்கிக் கிடக்கும். சின்ன செல்லின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் இருக்கும், நன்றாக ஊதிப்போனது 0.2 மில்லிமீட்டர் வரை போகும். விட்டம் பத்து மடங்கு என்றால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு. உடம்பில் வேறு எந்த செல்லும் இந்த அளவுக்கு விரிந்து சுருங்குவதில்லை என்றே சொல்லலாம்.

அந்தச் சொட்டில் இருப்பது ட்ரைகிளிசரைடு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் அதே பெயர். ஒரு கிளிசரால் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும், அவ்வளவுதான். இதில் சேமித்தால் லாபம் அதிகம். ஒரு கிராம் மாவுச்சத்து சுமார் 4 கலோரி தரும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது கூடவே மூன்று பங்கு தண்ணீரையும் சுமக்க வேண்டும். கொழுப்புக்கு அந்தச் சுமை கிடையாது. கல்லீரலிலும் தசைகளிலும் இருக்கும் கிளைக்கோஜனை எல்லாம் கூட்டினால் அரை கிலோ வரும். அது ஒரு நாளைக்குத்தான் காணும். சாதாரண உடல்வாகுள்ள ஒருவரிடம் இருக்கும் 15 கிலோ கொழுப்பில் ஒரு லட்சம் கலோரிக்கு மேல் இருக்கிறது. பஞ்சகாலத்தைத் தாண்டி நம் முன்னோர்கள் பிழைத்துவந்தது இதை வைத்துத்தான்.

இது போக, கொழுப்புக்கு வேறு வேலைகளும் உண்டு. குளிரைத் தடுக்கும். கண்குழியிலும் உள்ளங்காலிலும் பிருஷ்டத்திலும் மெத்தையாக இருக்கும்.

ஒரு நெய் ரோஸ்ட் எங்கே போகிறது

காலையில் ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருக்கும் நெய்யைப் பித்தநீர் நுண்துளிகளாகப் பிரிக்கிறது, கணையத்திலிருந்து வரும் நொதி அதை வெட்டுகிறது. குடல் சுவர் அந்தத் துண்டுகளை உறிஞ்சி மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கோத்து, புரத உறை போட்டுச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டுகிறது. சர்க்கரையும் புரதமும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். இந்தப் பொட்டலங்கள் அந்த வழியில் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாக மேலே ஏறி, இடது கழுத்துக்குக் கீழே ரத்தத்தில் கலக்கின்றன. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பிரித்தால் மேலே நிற்கும் திரவம் பால்போலக் கலங்கித் தெரியும். ட்ரைகிளிசரைடு பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொல்வதன் காரணம் இதுதான்.

பொட்டலங்கள் ரத்தத்தோடு சுற்றிக் கொழுப்புத் திசுவுக்கு வரும்போது, அங்கே நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு நொதி அவற்றைப் பிரிக்கிறது. வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் செல்லுக்குள் நுழைந்து சொட்டோடு சேர்ந்துகொள்கின்றன. இதையெல்லாம் முடுக்கிவிடுவது இன்சுலின். தோசையிலும் உருளைக்கிழங்கு மசாலாவிலும் இருந்த மாவுச்சத்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றியதும் கணையம் இன்சுலினை விடுகிறது. அது கொழுப்பு செல்லிடம் இரண்டு விஷயம் சொல்கிறது: உள்ளே வாங்கு, வெளியே விடாதே.

மாவுச்சத்து அப்படியே கொழுப்பாக மாறித் தொப்பையில் உட்காருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாகச் சாப்பிடும்போது அப்படி மாறுவது கொஞ்சம்தான். உடல் முதலில் மாவுச்சத்தை எரிக்கிறது, அது எரிகிற நேரம் முழுக்க நெய்யும் எண்ணெயும் எரியாமல் சேமிப்பில் தங்கிவிடுகின்றன. இரண்டையும் அளவுக்கு மேல் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் எடையைக் கூட்டுவது இந்த வழியில்தான்.

சரி, ராத்திரி என்ன ஆகிறது? சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆனபின் இன்சுலின் இறங்குகிறது. கொழுப்பு செல்லுக்குள் இருக்கும் வேறு நொதிகள் விழித்துக்கொண்டு சொட்டின் மேற்பரப்பை அரிக்கத் தொடங்குகின்றன. கொழுப்பு அமிலங்கள் ரத்தத்துக்கு வந்து அல்புமின் என்ற புரதத்தின் மேல் ஏறி இதயத்துக்கும் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் போகின்றன. நீங்கள் தூங்கும்போதும் இதயம் துடிக்கப் பெரும்பங்கு எரிபொருள் தருவது இதுதான். ஓடினாலும் பயந்தாலும் அட்ரினலின் இதே கதவைத் திறக்கும்.

ஆகவே கொழுப்புத் திசு ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2011-ல் கணக்கிட்டபடி, செல்லுக்குள் போகும் ஒரு ட்ரைகிளிசரைடு சராசரியாக ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல் அங்கே இருந்துவிட்டு வெளியேறுகிறது. இன்று உங்கள் இடுப்பில் இருப்பது ஐந்து வருடத்துக்கு முன் இருந்த அதே கொழுப்பு இல்லை.

அணுகுண்டுச் சோதனை சொன்ன வயது

மூலக்கூறு மாறுகிறது, சரி. செல் மாறுகிறதா? குண்டாகும்போது புது செல்கள் முளைக்கின்றனவா, இருப்பவையே ஊதுகின்றனவா? இதற்குப் பதில் கிடைத்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்த அறிவியல் கதைகளில் ஒன்று.

1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. 1963-ல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தது. செடி காற்றிலிருந்து அந்தக் கார்பனை எடுத்தது, மனிதன் செடியைத் தின்றான். ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏ-வில் சேரும் கார்பன் அப்புறம் மாறுவதில்லை. அதனால் ஒரு செல்லின் டிஎன்ஏ-வில் கார்பன்-14 எவ்வளவு என்று அளந்தால் அந்த செல் எந்த ஆண்டு வாக்கில் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

கரோலின்ஸ்காவைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர், அறுவை சிகிச்சைகளில் வெளியே எடுக்கப்பட்ட கொழுப்பை வாங்கி இப்படி அளந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு செல்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் பதின்வயதிலும் ஏறி, இருபது வயதுவாக்கில் நின்றுவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் சுமார் பத்தில் ஒரு பங்கு செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. ஒல்லியானவர்களிலும் குண்டானவர்களிலும் இந்த வேகம் ஒன்றே. குண்டானவர்களிடம் மொத்த எண்ணிக்கை அதிகம். வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்து எடை நன்றாகக் குறைந்த பிறகும், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை அப்படியே இருந்தது. செல்கள் சுருங்கியிருந்தன, அவ்வளவுதான். பெரியவர்களுக்கும் நிறையச் சாப்பிடக் கொடுத்தால் தொடைப்பகுதியில் புது செல்கள் சேர்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. அதனால் இருபது வயதுக்குமேல் எண்ணிக்கை கூடவே கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் பெரியவர்கள் குண்டாவது இருக்கிற செல்கள் ஊதுவதால்தான்.

சின்ன வயதில் எடை கூடிய பிள்ளையைப் பற்றி ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லி விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

மூளையோடு பேசும் திசு

1994 வரை பெரும்பாலானவர்கள் கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்காகத்தான் பார்த்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் எலி.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ல் அளவுக்கு மீறிக் குண்டான எலிகள் தற்செயலாகப் பிறந்தன. ஓயாமல் தின்றன. அதே ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மன் பின்னாளில் ஒரு குண்டு எலியையும் சாதாரண எலியையும் ரத்த ஓட்டம் கலக்கும்படி ஒட்டித் தைத்துப் பார்த்தார். குண்டு எலி தின்பதைக் குறைத்து இளைத்தது. சாதாரண எலியின் ரத்தத்தில் ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது, குண்டு எலியிடம் அது இல்லை என்பது அவர் முடிவு. இன்னொரு வகைக் குண்டு எலியை அதேபோலச் சாதாரண எலியோடு தைத்தபோது நடந்தது வேறு. சாதாரண எலி சாப்பாட்டைத் தொடாமல் பட்டினியில் செத்தது, குண்டு எலி மாறவே இல்லை. அந்த இரண்டாம் வகையிடம் செய்தி நிறையவே இருக்கிறது, அதைக் கேட்கும் காதுதான் இல்லை.

அது என்ன பொருள் என்று தெரிய இன்னும் இருபது வருடம் ஆனது. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் 1994-ல் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார். லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்பு செல்களே. கையிருப்பு எவ்வளவு என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குத் தகவல் சொல்லும் ஹார்மோன் அது.

மனிதரிலும் இது உண்மை என்று 1997-ல் நிரூபணமானது. இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். பெண்ணுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. பையனுக்கு இரண்டு வயது, எடை 29 கிலோ. இரண்டு பேர் உடம்பிலும் லெப்டின் சுரக்கவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி கொடுத்தபோது அடங்காப் பசி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. அதுவரை அந்தக் குழந்தையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் பெற்றோரைக் குறை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டமாகிறது.

அப்படியானால் எல்லோருக்கும் லெப்டின் ஊசி போட்டுவிடலாமே? போட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலானவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. பருமனானவர்களின் ரத்தத்தில் ஏற்கெனவே லெப்டின் அதிகமாகத்தான் இருக்கிறது. மூளை அதன் ஏற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, இறக்கத்தைத்தான் உடனே கவனிக்கிறது. லெப்டின் இறங்கினால் ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று புரிந்துகொண்டு பசியைக் கூட்டி, எரிப்பதைக் குறைக்கிறது. டயட் இருப்பவர்களுக்கு வரும் அந்த வெறிப்பசியை மனவலிமைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் சொன்ன கொழுப்பில்லாத குழந்தைகளின் பசிக்கும் காரணம் இதுவே: கொழுப்பு செல் இல்லை, அதனால் லெப்டினும் இல்லை. 2014-ல் அமெரிக்க மருந்துத் துறை அவர்களுக்கு லெப்டின் ஊசியை அனுமதித்தது. அவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

லெப்டின் மட்டுமில்லை. அடிப்போனெக்டின் என்று ஒன்றையும் கொழுப்பு செல்கள் சுரக்கின்றன. அது இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும். விசித்திரம் என்னவென்றால், செல்கள் ஊத ஊத இது குறைகிறது. கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனையும் தயாரிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பருமனான பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுவதற்கு இது ஒரு காரணம்.

பத்தாயம் நிரம்பினால்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். வீட்டில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாயம் நிரம்பியபின் வரும் நெல்லைக் கூடத்திலும் சமையல்கட்டிலும் திண்ணையிலும் கொட்ட வேண்டியதுதான். பத்தாயமே இல்லாத வீட்டிலும் இதே கதி. கொழுப்பில்லாத குழந்தைக்கும் பருமனானவருக்கும் ஒரே நோய் வருவது இப்படித்தான். கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இடமில்லாமல், இருக்கக் கூடாத இடத்துக்குப் போகிறது.

கொழுப்பு செல் ஓரளவுக்கு மேல் ஊதினால் சிக்கல் தொடங்குகிறது. ரத்தக் குழாய்கள் அதே வேகத்தில் வளராததால் ஆக்சிஜன் போதவில்லை. சுற்றியுள்ள நார்கள் இறுகுகின்றன. சில செல்கள் வெடித்துச் சாகின்றன. சிந்திய எண்ணெயைச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வந்து குவிகின்றன. செத்த செல்லைச் சுற்றி அவை கிரீடம்போல வளைத்து நிற்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். பருமனானவர்களின் கொழுப்புத் திசுவில் இவை பெருகிக்கிடப்பதை 2003-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. இவை விடும் ரசாயனங்கள் இன்சுலினின் சொல்லைக் கெடுக்கின்றன. ‘வெளியே விடாதே’ என்ற கட்டளை காதில் விழாமல் போனதும் கொழுப்பு அமிலங்கள் நாள் முழுக்கக் கசிகின்றன.

கசிந்தது கல்லீரலில் படிந்தால் ஃபேட்டி லிவர். கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினை மதிக்காமல் ராத்திரியெல்லாம் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் சுகர் ஏன் கூடியிருக்கிறது என்று பலர் குழம்புகிறார்களே, அதன் பின்னணி பெரும்பாலும் இது. தசையில் படிந்தால் தசை சர்க்கரையை எடுத்துக்கொள்ளாது. கணையத்தில் படிந்தால் இன்சுலின் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்லச் சோர்கின்றன.

இது வெறும் ஊகம் இல்லை. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து சுமார் பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றமே இல்லை. ரத்த அழுத்தமும் மாறவில்லை. சேமிப்பு இடத்தை வெட்டி எடுத்தார்களே தவிர, கல்லீரலிலும் தசையிலும் இருந்த கொழுப்பு அங்கேயே இருந்தது. இதற்கு எதிர்ப்புறம் பியோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரை. அதைச் சாப்பிட்டால் எடை கூடும், ஆனால் சுகர் குறையும். காரணம், அது தோலுக்கடியில் புதிய சின்னக் கொழுப்பு செல்களை உருவாக்கிக் கல்லீரலில் இருப்பதை அங்கே இழுத்துக்கொள்கிறது.

இடம் முக்கியம் என்பது இதிலிருந்து புரியும். தொடையிலும் பிருஷ்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சாது. குடலைச் சுற்றி வயிற்றுக்குள் சேர்வது அப்படியல்ல. அதன் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது, கசிவதும் அங்கேயே போய் இறங்குகிறது. இளம்பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொழுப்பைத் தொடைப்பக்கம் அனுப்பிப் பாதுகாக்கிறது. மாதவிடாய் நின்றபின் அது வயிற்றுப் பக்கம் திரும்பிவிடுகிறது.

அதற்காக வயிற்றில் இல்லாமல் உடம்பெங்கும் பரவியிருக்கும் பருமன் தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. மூட்டுகள் சுமக்க வேண்டும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும், இதயமும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

நம் ஊர் உடம்பு

இந்தப் பத்தாயத்தின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறு. நமக்கு அது சிறியது. இதைப் பளிச்சென்று காட்டிய படம் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மருத்துவர்கள் நிற்கிறார்கள்: புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், இங்கிலாந்தின் ஜான் யூட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 22.3. அந்தக் கணக்குப்படி இருவரும் ஒரே மாதிரி, இருவரும் சரியான எடை. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

யாக்னிக் குழுவினர் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறக்கும் குழந்தைகளையும் அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைவாக இருந்தும், தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்ததெல்லாம் தசையும் மற்ற உறுப்புகளும்தான். ஒல்லியான கை கால், முன்னால் தள்ளிய வயிறு, நாற்பது வயதில் சுகர் என்று நம் குடும்பங்களில் பார்க்கிற அந்த உடல்வாகின் வேர் கருப்பையிலேயே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கர்ப்பிணிகளின் சாப்பாடும் சுகர் தடுப்பின் ஒரு பகுதிதான்.

அதனால்தான் இந்தியர்களுக்கு அளவுகோல் வேறு. உலக அளவில் பி.எம்.ஐ. 25-ல் அதிக எடை, 30-ல் பருமன் என்கிறார்கள். நமக்கு 23-லும் 25-லும். சென்னையை மையமாகக் கொண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக (ஐ.சி.எம்.ஆர்.) நடந்த இண்டியாப் என்ற ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பி.எம்.ஐ. படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பவர்கள் எடை எந்திரத்தில் ஏறி ‘நான் நார்மல்’ என்று நிம்மதியாகப் போகிறவர்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பழுப்புக் கொழுப்பு என்ற இன்னொரு வகையும் உண்டு. சேமிப்பதற்குப் பதிலாக எரித்துச் சூடாக்குவது அதன் வேலை. பச்சைக் குழந்தைகளின் தோள்பட்டைகளுக்கு நடுவில் நிறைய இருக்கும். பெரியவர்களிடமும் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இருப்பது 2009-ல் உறுதியானது. அதைத் தூண்டி எடை குறைக்கலாம் என்று விற்கப்படும் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

இளைக்கும்போது

எடை குறையும்போது கொழுப்பு எங்கே போகிறது? ‘கரைந்து’ வியர்வையாகப் போகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டைஆக்சைடாக மூச்சுவழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீர். வயிற்றில் பெல்ட் கட்டி வியர்க்க வைப்பதால் போவது தண்ணீர் மட்டும்தான். வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் குறையும் என்பதும் நடக்காது. கதவைத் திறக்கும் ஹார்மோன்கள் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன.

நல்ல சேதி ஒன்று உண்டு. கடைசியில் வந்து தங்கியது முதலில் கிளம்புகிறது. எடை குறைய ஆரம்பித்ததும் கல்லீரல் கொழுப்பு வேகமாக இறங்கும். பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ என்ற ஆய்வில் சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்து மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் இருந்தது. நியூகாசல் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் அப்புறம் பி.எம்.ஐ. 27-க்குக் கீழே இருந்த 20 சுகர்காரர்களிடம் அதையே செய்து பார்த்தார். 14 பேருக்கு அதே பலன் கிடைத்தது. ‘நான் ஒல்லிதானே, எனக்கென்ன எடை குறைப்பு’ என்று கேட்பவர்களுக்கான பதில் அந்த 14 பேர். மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது, சுகர் திடீரென்று தாழ்ந்துவிடும்.

கெட்ட சேதியும் உண்டு. சுருங்கிய செல்கள் காத்திருக்கின்றன. லெப்டின் இறங்கியிருக்கிறது, மூளை பசியைக் கூட்டுகிறது. எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-ல் மெல்போர்னில் நடந்த ஆய்வு காட்டியது. 2024-ல் சூரிச்சிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போய், ஒருமுறை பருமனான கொழுப்பு செல்லின் மரபணுக்கள் மேல் அதன் அடையாளங்கள் எடை குறைந்த பின்னும் அழியாமல் இருப்பதைச் சொன்னது. பருமனை ரத்த அழுத்தம்போல நீண்டகால நோயாகப் பார்த்து மருத்துவம் செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதெல்லாம் காரணம். இப்போது பேசப்படும் செமாக்ளுடைடு, டிர்ஸெபடைடு ஊசிகள் எடையைக் குறைப்பது பெரும்பாலும் மூளையின் பசியைத் தணித்துத்தான். நிறுத்தினால் பலருக்கு எடை திரும்பி வருவதும் அதனால்தான்.

இன்றைக்கு உங்களால் வீட்டிலேயே செய்ய முடிந்த ஒரு காரியம் இருக்கிறது. தையல்காரர் டேப் ஒன்று எடுங்கள். கடைசி விலா எலும்பின் ஓரத்தையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவைப் படியுங்கள். பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். நிறையப் பேர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டியிருந்தால், எடை எவ்வளவு இருந்தாலும், வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாத சராசரிச் சுகர், ட்ரைகிளிசரைடு, கல்லீரல் பரிசோதனை ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.